அரையாண்டு விடுமுறையில் முதல்முறையாக வீடியோ கேம் ஆடப் போகிறீர்களா? இவற்றை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்

முந்தின வருடம் அரையாண்டு விடுமுறைக்கு ஒன்பது நாள் லீவு எடுத்தேன். நாற்பது வயதை நெருங்கும்போது முதல்முறையாக ஒரு கேமை உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம் என்று ஆசை. மகள் எட்டாம் வகுப்பு, அவளும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். அந்த ஒன்பது நாளில் நாங்கள் உருப்படியாக ஆடியது மூன்றே நாள். மீதி நாளெல்லாம் டவுன்லோடு, பணம் சிக்கிக்கொண்டது, கணக்கு பூட்டிக்கொண்டது, லேப்டாப் திணறியது என்று போய்விட்டது. கடந்த விடுமுறையில் எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்து வைத்தேன். முதல் நாள் காலை காபி குடித்த கையோடு ஆட உட்கார்ந்தோம்.

நான் எழுதுவது சாதாரண விண்டோஸ் லேப்டாப்பும், கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையும் வைத்து. பிளேஸ்டேஷன் வாங்க ஐம்பதாயிரத்துக்கு அருகில் ஆகும்; முதல் விடுமுறைக்கு அது தேவையே இல்லை.

1. தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டீம் கடையில் ஒவ்வொரு டிசம்பரிலும் குளிர்காலத் தள்ளுபடி வரும். 2024-ல் டிசம்பர் 19 முதல் ஜனவரி 2 வரை, 2025-ல் டிசம்பர் 18 முதல் ஜனவரி 5 வரை நடந்தது. நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தள்ளுபடி தொடங்குவது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு. நமக்கு அது இரவு 11.30. முடிவதும் அதே நேரம்தான். அதனால் கடைசி நாள் நள்ளிரவுவரை நேரம் இருக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள்.

தொடங்கின இரவே அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். பெரும்பாலும் முதல் நாள் விலைதான் கடைசி நாள் விலையும். பிடித்த கேம்களை நவம்பரிலேயே விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால், விலை குறையும்போது மெயில் வரும்.

எபிக் கேம்ஸ் என்று இன்னொரு கடை இருக்கிறது. அங்கே வாரந்தோறும் வியாழக்கிழமை இலவசமாக ஒரு கேமாவது தருவார்கள். குளிர்காலத்தில் நம் நேரம் இரவு 9.30-க்கு அது மாறும். அந்த வாரத்துக்குள் கணக்கில் சேர்த்துவிட்டால் எப்போதும் உங்களுடையது. டிசம்பர் கடைசியில் சில நாட்கள் தினம் ஒன்று என்றுகூடக் கொடுக்கிறார்கள். கையில் காசு செலவழிக்கத் தயக்கமாக இருந்தால் இங்கிருந்தே தொடங்கலாம்.

2. லேப்டாப் என்ன தாங்கும் என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ரேம் எத்தனை ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டு எது என்று தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அலுவலக வேலைக்கென்று வாங்கியது.

கடையில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே, குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கும் தேவை என்று இரண்டு பட்டியல் இருக்கும். பலரும் தவறுவது இங்கேதான். குறைந்தபட்சம் என்றால் கேம் திறக்கும், அவ்வளவுதான்; சுகமாக ஆட முடியும் என்று அர்த்தமில்லை. உங்கள் லேப்டாப் இரண்டாவது பட்டியலுக்குப் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள்.

ஆடும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள், காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். நான் ஒரு மரப்பலகைமேல் வைத்துக்கொள்கிறேன்.

3. கணக்கு தொடங்குவதும் பத்திரப்படுத்த வேண்டியவையும்

கணக்கைச் சொந்த மெயிலில் தொடங்குங்கள். அலுவலக மெயில் வேண்டவே வேண்டாம். வேலை மாறினால் வாங்கினதெல்லாம் எட்டாமல் போய்விடும்.

அப்புறம் போனில் ஸ்டீம் செயலியைப் போட்டு, ஸ்டீம் கார்டு (Steam Guard) என்கிற இரட்டைப் பாதுகாப்பை இயக்குங்கள். அப்போது ஆர் எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று தருவார்கள். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். முதல் வருடம் நான் எழுதவில்லை. விடுமுறைக்கு நடுவில் போன் பழுதாகி, வேறு போனுக்கு மாறினேன். கணக்குக்குள் நுழைய முடியாமல் இரண்டு நாள் போனது. இப்போது அந்தக் குறியீடு வங்கி பாஸ்புக் உறைக்குள் இருக்கிறது.

பத்திரப்படுத்த வேண்டியவை இவ்வளவுதான்: மீட்புக் குறியீடு, முதன்முதலில் பணம் கட்டியதற்கு வந்த ரசீது மெயில், கண்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவி) வாங்கினால் அதன் பில். ரசீதை அலட்சியமாக நினைக்காதீர்கள். யாராவது கணக்கைத் திருடிவிட்டால், அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, பணம் கட்டிய விவரத்தைத்தான் கேட்பார்கள்.

புதுக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. கடையில் 5 டாலருக்கு இணையான தொகை செலவழிக்கும்வரை உங்களால் யாருக்கும் நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. தூரத்தில் இருக்கும் தம்பியோடு சேர்ந்து ஆடலாம் என்று திட்டமிட்டிருந்தால், முதலில் ஏதாவது ஒன்றை வாங்கிவிடுங்கள்.

4. பணம் கட்டும்போது

ஸ்டீம் நமக்கு ரூபாயிலேயே விலை காட்டும். யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு எல்லாம் செல்லும். புது டெபிட் கார்டு என்றால், இணையப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து, ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, புதிய கார்டுகளில் அது மூடியே வரும். நாம்தான் திறக்க வேண்டும்.

யுபிஐயில் பணம் போய், கடையில் ‘நிலுவையில்’ என்று காட்டினால், தயவுசெய்து இரண்டாம் முறை கட்டாதீர்கள். நான் இரவு பன்னிரண்டு மணிக்குப் பதறிப்போய் வேறு வழியில் மறுபடியும் கட்டினேன். முதலில் கட்டியது என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. தள்ளுபடி நாட்களில் கூட்டம் அதிகம். காலைவரை விட்டுவிடுங்கள்.

வேறு தளங்களில் பாதி விலைக்கு ‘கீ’ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்பார்கள். அதை வாங்கினால் ஸ்டீமின் ரீஃபண்ட் உங்களுக்குக் கிடையாது. இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு வேறு நாட்டு விலைக்கு வாங்குவதும் விதிமீறல், கணக்கே முடங்கலாம்.

எனக்கான செலவு: கீழே சொல்லப்போகும் ஐந்து கேமுக்கும் சேர்த்து, எல்லாம் தள்ளுபடியில், ரூ. 1,600-க்குக் கொஞ்சம் குறைவு. கண்ட்ரோலர் ரூ. 1,800. குடும்பமாக இரண்டு முறை சினிமாவுக்குப் போய்வந்தால் ஏறக்குறைய இவ்வளவு ஆகும்.

5. இரண்டு மணி நேரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒப்புதல் கிடைத்தபின், ஒரு வாரத்துக்குள் கட்டிய வழியிலேயே வந்துவிடும். ஸ்டீம் வாலட்டிலும் (கடையில் உங்கள் கணக்கிலேயே இருக்கும் பணம்) வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த 2 மணி என்பது நீங்கள் ஆடிய நேரம் அல்ல, கேம் திறந்திருந்த நேரம். நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் ஓடும். முதல் வருடம் நான் 120 ஜிபி அளவுள்ள பெரிய கேம் ஒன்றை வாங்கினேன். லேப்டாப்பில் படம் படமாக நகர்ந்தது. காட்சித் தரத்தைக் குறைத்து, மாற்றி, மறுபடி திறந்து என்று மூன்று மணி நேரம் போராடினேன். அப்புறம் ரீஃபண்ட் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். விதிப்படி அவர்கள் செய்தது சரிதான். எனக்குத்தான் விதி தெரிந்திருக்கவில்லை.

அதனால் வாங்கிய அன்றே ஒவ்வொரு கேமையும் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படம் தடங்காமல் நகர்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, கை பழகுமா என்று மட்டும் பார்த்துவிட்டு முழுவதுமாக மூடிவிடுங்கள். விடுமுறைக்கு முன்னாலேயே, அந்த 14 நாளுக்குள், வைத்துக்கொள்வதா திருப்பிவிடுவதா என்று முடிவாகிவிடும்.

6. எதை வாங்குவது

ஒரு விடுமுறைக்கு நீண்டது ஒன்று, சின்னது மூன்று நான்கு என்பதே என் கணக்கு. ஒரு கேமை முடிக்கச் சராசரியாக எத்தனை மணி ஆகும் என்று ‘ஹவ் லாங் டு பீட்’ தளத்தில் பார்க்கலாம். 60 மணி என்று போட்டிருந்தால், ஒன்பது நாளில் தினம் ஆறரை மணி நேரத்துக்கும் மேல். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை. நாங்கள் ஆடிய ஐந்தும் என் சாதாரண லேப்டாப்பில் ஓடின.

முதலில் ‘வெண்பா’. 2023-ல் கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதியின் கதை. அவர்களுடைய மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். விட்டுப்போனதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. மகள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்து, “குழிக்கு நேரா குழி வைக்காதடி, இட்லி மேல்தட்டுல ஒட்டிக்கும்” என்றார். அதுவரை கம்ப்யூட்டர் பக்கமே வராதவர். அப்புறம் பூண்டுக் கிண்ணத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வெண்பாவின் வீட்டு ரேடியோவில் வரும் பாட்டுகள் இந்த கேமுக்காகவே, நம் பழைய சினிமாப் பாட்டுகளின் நடையில் செய்யப்பட்டவை. மகன் வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிறகு வரும் பகுதியில் நான் பேசாமல் இருந்தேன், அம்மாவும் பேசவில்லை. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்க விதி இடம் தரும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சின்னக் குழு செய்தது. நாம் கொடுக்கும் காசில்தான் அடுத்தது வரும்.

‘எ ஷார்ட் ஹைக்’, 2019-ல் வந்தது. கிளேர் என்கிற பறவைப் பெண் போனுக்குச் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. பொன்னிறகு சேரச் சேர இன்னும் உயரம் ஏறலாம். உச்சிக்குப் போய்ச் சேரும் அவசரத்தைவிட, வழியில் பார்க்கிறவர்களோடு பேசுவதும் மீன் பிடிப்பதும் நன்றாக இருந்தது. உச்சியிலிருந்து சிறகு விரித்து இறங்கும்போது தீவு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். இதற்கு முன் கேமே ஆடாதவர் வீட்டில் இருந்தால் இதை முதலில் கொடுங்கள். தோற்றுப்போக வழியே இல்லை. 500 எம்பி இடம் போதும்.

நீண்டதாக நாங்கள் எடுத்தது ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்பவர் தனியாளாக நான்கு வருடத்துக்கும் மேல் உழைத்து 2016-ல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன தோட்டத்தைத் திருத்திப் பயிர் செய்ய வேண்டும். கேமில் ஒரு நாள் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறும் நாளில், முடிந்துபோன பருவத்துக்குரிய பயிர் வயலில் நின்றால் பட்டுப்போகும். விதை வாங்கும்போதே எத்தனை நாளில் விளையும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான் கவனிக்காமல் வசந்தத்தின் 25-ஆம் நாள் காலிஃபிளவர் நட்டு அத்தனையும் இழந்தேன். இதைவிடப் பெரிய கண்ணி: கேமுக்குள் நம் ஆள் தூங்கப் போகும்போது மட்டும்தான் ஆடியது சேமிக்கப்படும். நடுவில் மூடினால் அந்த நாள் போச்சு. சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டதும் மூடிவிடாமல், கேமில் இருக்கும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு எழுந்திருங்கள். ஊர்ப்பக்கம் விவசாயம் பார்த்த வீட்டில் பிறந்தவள் நான். காலையில் நீர் பாய்ச்சிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணத்தின் நிறைவு இதில் நிஜமாகவே கிடைத்தது.

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ கடந்த விடுமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது. லூகாஸ் போப் செய்து 2018-ல் வந்தது. காணாமல் போன கப்பல் ஒன்று 1807-ல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இழப்பீட்டுக் கணக்குப் பார்க்க நாம் ஏறுகிறோம். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், எப்படி இறந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கையில் ஒரு கடிகாரம். பிணத்தருகே நின்று அதைத் திறந்தால், அவர் இறந்த கணம் அப்படியே உறைந்து கண்முன் நிற்கும். பேச்சு கொஞ்சம் கேட்கும். மற்றபடி எல்லாம் நம் யோசனை: யார் எந்தத் தொங்குபடுக்கையில் படுக்கிறார், யார் காலில் என்ன செருப்பு, யார் எந்த மொழி பேசுகிறார். மூன்று பேரின் முடிவைச் சரியாக எழுதினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்ப்பதைத் தடுக்க இப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு கோடுபோட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இரண்டு பேராக உட்காருங்கள். நானும் கணவரும் மூன்று இரவில் முடித்தோம். வெட்டும் குத்தும் நிறைய வரும், சின்னப் பிள்ளைகள் எதிரில் வேண்டாம். ஆங்கிலப் பேச்சு பல ஊர் உச்சரிப்பில் வருவதால் ஹெட்போன் அவசியம்.

ஐந்தாவது ‘போர்ட்டல் 2’, 2011-ல் வந்தது. இருவர் இரண்டு ரோபோக்களாகச் சேர்ந்து புதிர் அவிழ்க்கும் பகுதி அருமை. தள்ளுபடியில் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஒரே லேப்டாப்பில் திரையைப் பிரித்து ஆட ஒரு கண்ட்ரோலராவது வேண்டும். நான் கண்ட்ரோலர் வாங்கியதே இதற்குத்தான்.

7. டவுன்லோடு

இணைய வேகத்தை எம்பிட்டில் சொல்வார்கள், கேம் அளவை எம்பைட்டில் சொல்வார்கள். வேகத்தை எட்டால் வகுத்தால் எம்பைட் (எம்பி) கணக்கு வரும். 40 எம்பிட் இணைப்பு என்றால் நொடிக்கு 5 எம்பி, மணிக்கு அதிகபட்சம் 18 ஜிபி. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ போன்ற பெரிய கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும். அந்த வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். மாலை வேளையில் இன்னும் இழுக்கும். போன் டேட்டாவில் தினம் 2 ஜிபிதான் என்றால் இதை நினைத்தே பார்க்க வேண்டாம். நான் மேலே சொன்ன ஐந்தையும் சேர்த்தாலும் அந்த 150 ஜிபியில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். லேப்டாப் தானாகத் தூங்கப் போகாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட மறக்காதீர்கள்.

8. கண்ட்ரோலரும் தலைசுற்றலும்

சென்னையில் இருப்பவர்கள் மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். மற்றவர்கள் இணையத்தில் வாங்கினால், மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

போர்ட்டல் போல, நம் கண்ணாலேயே பார்ப்பதாக அமைந்த கேம்களில் புதியவர்களுக்குக் குமட்டல் வரலாம். எனக்கு முதல் நாள் இருபதாவது நிமிடத்திலேயே வந்தது. நமக்கு இது ஒத்துவராது என்று விட்டுவிடாதீர்கள். அறையில் விளக்கைப் போடுங்கள், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். தலை கனக்கத் தொடங்கியதுமே நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். நான்காம் நாள் முக்கால் மணி நேரம் ஆட முடிந்தது.

9. பிள்ளைகளோடு ஆடுவதென்றால்

13 வயது நிரம்பாதவர்களுக்கு ஸ்டீமில் கணக்கு கிடையாது. அவர்கள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடட்டும். நிரம்பியவர்களை ஸ்டீம் ஃபேமிலீஸ் வழியாகச் சேர்க்கலாம். ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர்வரை வாங்கினதைப் பகிரலாம், பிள்ளைகளுக்கு நேர வரம்பும் வைக்கலாம். ஒரு பிரதிதான் இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவரே அதை ஆட முடியும். வெளியாட்களைச் சேர்க்காதீர்கள். அவர் விலகினாலும் அந்த இடத்தில் இன்னொருவரைச் சேர்க்க ஒரு வருடம்வரை காத்திருக்க வேண்டி வரும். உங்கள் கேமில் அவர் ஏமாற்று வேலை செய்து தடை வாங்கினால் உங்களுக்கும் தடை விழும்.

10. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள்

லால்குடி பக்கம் எங்கள் வீட்டில் சிக்னலே மொட்டைமாடியில்தான் கிடைக்கும். இணையம் இல்லாமல் ஆட, கிளம்பும் முன்னாலேயே ஒவ்வொரு கேமையும் இணையத்தோடு ஒரு தடவை திறந்து மூடுங்கள். அப்புறம் ஸ்டீமில் ஆஃப்லைன் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு ஏதாவது பாதியில் நின்றிருந்தால் அந்த கேம் ஊரில் திறக்காது, அதையும் பார்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும், இணையத்தில் இணைந்து, ஆடியதெல்லாம் கணக்கில் ஏறும்வரை லேப்டாப்பை மூடாதீர்கள். ஊரில் ஆடியதா, முன்பு ஏறியிருந்ததா, எதை வைத்துக்கொள்ள என்று கேட்டால், தேதியைப் பார்த்துப் புதியதைத் தேர்ந்தெடுங்கள். என் மகள் பழையதை அழுத்திவிட்டாள். அவள் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லச் சொல்ல ‘ஸ்டார்டியூ வேலி’யில் வளர்த்த பூசணித் தோட்டம் போய்விட்டது.